அகலமில்லாத இடைவெளி

கைதட்டலைச் சற்றே நிறுத்தி வையுங்கள், தோழர்களே! நிரல் எழுதக் கற்கும் உங்களுக்கென்றே ஒரு சிறு கதை கொண்டுவந்திருக்கிறேன். அதை இறக்கி வைத்துவிட்டுத்தான் மேலே பேசுவேன்.

குமரிக் கரையில் ஒரு மீன்பிடித் துறைமுகம். பெரும்புயல் வீசி ஓய்ந்த நேரம். கடலுக்குப் போன படகுகளைக் காற்று கேரளக் கரைக்கும் அதற்கு அப்பாலும் அடித்துக்கொண்டு போய்விட்டது. எந்தப் படகு எங்கே ஒதுங்கியது என்ற செய்தி கைப்பேசி வழியே வந்து குவிகிறது. வந்த பெயரை, இங்கிருந்து புறப்பட்ட படகின் பெயரோடு கணினி ஒப்பிடும். இரண்டும் ஒன்றானால் பச்சை. வேறானால் சிவப்பு. பச்சை என்றால் உயிர்! சிவப்பு என்றால்...?

கட்டுப்பாட்டு அறையின் வாசலில் அமலோற்பவம் நிற்கிறாள். அவள் கணவன் பனியடிமை ஏறிப்போன படகு ‘கடலரசி’. திரையில் அதன் நிறம்... சிவப்பு.

“சாரே, எங்க போட்டு ‘கடலரசி’ கொச்சியில கெடக்கு. கூடப் போன போட்டுக்காரன் கண்ணால கண்டுட்டுப் போன் பண்ணினான்!”

அதிகாரி சொல்கிறார்: “கணினியில வரலியேம்மா. கணினி பொய் சொல்லுமா?”

“அப்ப நான் பொய் சொல்லுதேனா? ஒம்ம பெட்டிக்கு நீந்தத் தெரியுமா சாரே? கடல்ல போய்ப் பாத்துட்டா வந்து சொல்லுது?”

அந்தக் கேள்வி அதிகாரியைச் சுடவில்லை. மூலையில் இருந்த பூங்கோதையைச் சுட்டது. அந்த மென்பொருளை எழுதியவள் அவள்தான்! வண்ணத்தை விட்டுவிட்டு, கொச்சியிலிருந்து வந்த செய்தியைத் தானே வரி வரியாகப் பார்க்கிறாள். இதோ... கடலரசி! எழுத்துக்கு எழுத்து அதே பெயர்!

அதிகாரி எட்டிப் பார்த்துத் திகைக்கிறார். “கண்ணுக்கு ஒண்ணாத்தான் தெரியுது. ஆனா கணினி வேறங்குதே! வேற படகா இருந்து, நாம அந்தம்மாவுக்கு நம்பிக்கை கொடுத்துட்டா... யாரும்மா பதில் சொல்றது?”

நியாயமான அச்சம். கண் ‘ஒன்று’ என்கிறது. கணினி ‘வேறு’ என்கிறது. எதை நம்புவது?

பூங்கோதை பெயரின் தொடக்கத்தில் சுட்டியை நிறுத்தினாள். அம்பு விசையைத் தட்டினாள்... ‘க’ கடந்தது. தட்டினாள்... ‘ட’ கடந்தது. தட்டினாள்... ‘ல’ கடந்தது. மீண்டும் தட்டினாள்... சுட்டி நகரவில்லை! நின்ற இடத்திலேயே நின்றது. இன்னொரு முறை தட்டிய பிறகுதான் ‘ர’ கடந்தது.

“சார், இங்க ஏதோ இருக்கு.”

“எங்கம்மா? ஒண்ணும் இல்லையே!”

“அந்த ஒண்ணுமில்லாததுதான் சார் இருக்கு!”

அகலமே இல்லாத இடைவெளி, தோழர்களே! படியெடுத்து ஒட்டும்போது எங்கோ தொற்றிக்கொண்ட, உருவமில்லாத ஒரு குறி. நம் கண் அதைக் காணாது. கணினி அதையும் ஓர் எழுத்தாகவே எண்ணும். அந்த ஒன்று நடுவில் புகுந்ததால், கரை சேர்ந்தவன் கடலிலேயே தொலைந்து போனான்!

“கண்ணுக்குத் தெரியாததையெல்லாம் மொத்தமா அழிச்சுடுங்க!” என்றார் அதிகாரி.

“வேண்டாம் சார். கேரளத்துலேர்ந்து வர்ற செய்தியில மலையாளமும் இருக்கு. அதுல சில எழுத்து, கண்ணுக்குத் தெரியாத ஒட்டுக்குறி இருந்தாத்தான் சரியா வரும். வந்த பேரு வந்தபடியே இருக்கட்டும். ஒப்பிடறதுக்கு மட்டும் ரெண்டு பெயருக்கும் ஒவ்வொரு படி எடுத்து, ரெண்டுலயும் அந்தக் குறியை ஒரே மாதிரி துடைச்சுட்டுப் பார்ப்போம்.”

துடைத்தாள். ஒப்பிட்டாள். கடலரசி... பச்சை! அதனோடு வேறு சில படகுகளும் பச்சையாயின. எல்லாம் ஆகவில்லை, சில சிவப்பு சிவப்பாகவே நின்றன. அந்தத் துயரத்தை எந்த நிரலாலும் துடைக்க முடியாது.

அப்போதும் அவள் வாசலுக்கு ஓடவில்லை. கொச்சித் துறைமுகத்தை அழைத்து, பனியடிமையின் குரலைத் தன் காதால் கேட்டாள். பிறகுதான் கைப்பேசியை அமலோற்பவத்திடம் நீட்டினாள்.

அழுதாளா அந்த அம்மா? இல்லை! “யோவ்... கஞ்சி குடிச்சியா?” என்று அதட்டினாள். அதன் பிறகுதான் அழுதாள்.

தோழர்களே! பூங்கோதையின் அறிவைப் போற்றுகிறேன். அதைவிட அவளுடைய ஐயத்தைப் போற்றுகிறேன்! யார்மீது ஐயம் கொண்டாள்? வாசலில் நின்று கத்திய பெண்மீதா? தன் கையால் எழுதிய நிரல்மீது! நாளை நீங்கள் எழுதும் நிரலின் முன்னும் ஒருவர் வந்து நிற்பார். ஓய்வூதியத்துக்காக நிற்கலாம். தேர்வு முடிவுக்காக நிற்கலாம். “நான்தானய்யா அது!” என்பார். உங்கள் திரை “இல்லை” என்னும். அப்போது யாரை ஐயுறுவீர்கள்?

‘வேறு’ என்று தீர்ப்பெழுதும் முன்பு துடையுங்கள்... இரண்டு பக்கமும் துடையுங்கள். அதில் ஒரு பக்கம், எப்போதும், நம் பக்கம்!