பத்து வயசு அளவு

– இல்லம்மா, எதையும் விக்கறதுக்காகக் கூப்பிடல. நீங்கதான் பேசறீங்கன்னு உறுதி ஆனாத்தான் நான் மேல பேசலாம். இப்போ அதுவும் ஒரு சட்டம்.

– நான்தான். எப்படி நிரூபிக்கட்டும்?

– எங்க கடையில கடைசியா என்ன வாங்குனீங்கன்னு சொல்லுங்க, போதும்.

– நீல நைட் டிரஸ். என் பையனுக்கு. முழங்கை கிட்ட ஒரு மேகம் தைச்சிருந்தீங்க.

– ஐயோ, நீங்களேதான்! அந்த மேகம் நான் கையால போட்டது.

– ஏதோ மெயில் வந்துதே, அதுக்காகவா?

– மூணு அனுப்புனேன்மா. மூணையும் திறந்து பார்த்திருக்கீங்க. பதில்தான் வரல.

– திறந்தது உங்களுக்கு எப்படித் தெரியும்?

– அதான் எனக்கே வெக்கமா இருக்கு. யார் திறந்தாலும் இங்க கம்ப்யூட்டர்ல ஒரு பச்சைப் புள்ளி வரும். அடுத்த வீட்டு ஜன்னல்ல எட்டிப் பார்க்கற மாதிரி. எங்க நாத்தனார் வக்கீல். "அண்ணி, கேக்காம இதெல்லாம் பார்க்கக் கூடாது"ன்னு காதைத் திருகாத குறை. இன்னையோட அந்தப் புள்ளியை நிறுத்தியாச்சு.

– பரவாயில்லைங்க. பார்த்தா என்ன.

– பிள்ளைங்க விவரத்துக்கு இன்னும் கெடுபிடி. பெத்தவங்க சம்மதம்னு சொன்னாத்தான் வச்சுக்கலாம். பதில் வராததை இன்னைக்கு அஞ்சு மணிக்குள்ள அழிச்சுடணும். மத்தவங்க எல்லாரும் சொல்லிட்டாங்க. நீங்க ஒருத்தர்தான் பாக்கி. சொல்லாம கொள்ளாம ஒரு பிள்ளையை அழிக்க எனக்குக் கை வரலம்மா.

– அழிச்சா எதெல்லாம் போகும்?

– எல்லாமே. பிறந்த தேதி, உயரம், கை நீளம். அப்புறம் நீங்க எழுதின குறிப்பு.

– நான் என்ன எழுதினேன்?

– இருங்க, கண்ணாடி போட்டுக்கறேன். "இடது பக்கம் ஒருக்களிச்சுத்தான் படுப்பான். பொத்தான் கன்னத்துல அழுந்துது. முடிஞ்சா வலது தோள்ல வச்சுத் தைங்க."

– இன்னொரு தடவை படிங்களேன்.

– "இடது பக்கம் ஒருக்களிச்சுத்தான் படுப்பான். பொத்தான் கன்னத்துல..." ஏம்மா, தூங்கிட்டிருந்தீங்களா? குரல் எங்கேயோ தூரத்துல இருந்து வருது.

– இல்லைங்க. அவன் ரூம்ல உக்காந்திருக்கேன். திரைச்சீலை காத்துல உப்பி உப்பி அடங்குது. யாரோ மூச்சு விடற மாதிரி இருக்கு.

– இங்கயும் நல்ல காத்து. பஞ்சுத் தூசு வெயில்ல அப்படியே மிதக்குது. நான் எந்த உடுப்பை மடிச்சாலும், "கடவுளே, இதைப் போடற பிள்ளை நிம்மதியாத் தூங்கணும்"னு ஒரு வார்த்தை சொல்லிட்டுத்தான் பெட்டியில வைப்பேன். எங்க வீட்டுக்காரருக்கு அது ஒரு கேலி. "வேண்டிக்கறதுக்கும் அந்த வீட்ல சம்மதம் வாங்கிட்டியா?"ங்கறார்.

– நல்லாத் தூங்கினான்ங்க. அதைப் போட்டுக்கிட்டு.

– சந்தோஷம்மா, வயிறு குளிர்ந்துது. ஆனா நாலு வருஷமா எங்ககிட்ட வாங்கலையே? தையல்ல ஏதாவது குறையா?

– ஒரு குறையும் இல்ல.

– இல்ல, அவன் பிறந்த நாள் அன்னிக்கு கம்ப்யூட்டர் தானா ஒரு மெயில் அனுப்புமே, "உங்க பிள்ளை ஒரு வயசு வளர்ந்தாச்சு, இப்போ இந்த அளவு சரியா இருக்கும்"னு. தொந்தரவா இருந்தா வேண்டாம்னு சொல்லிடுங்க. நான் தப்பா நினைக்க மாட்டேன்.

– வேண்டாம்னு நான் சொல்லலையே.

– அப்போ சம்மதம்தான். அப்பாடா! இன்னும் ஒரே ஒரு கேள்வி. பையனுக்கு இப்போ என்ன வயசுன்னு உங்க வாயால சொல்லணும்.

– ஆறு.

– ஆறா? இங்க பத்துன்னு காட்டுதே. பிறந்த தேதியை நான் தப்பா ஏத்திட்டேனா?

– தேதி சரிதாங்க.

– பின்ன எப்படிம்மா ஆறு... ஹலோ? லைன்ல இருக்கீங்களா?

– இருக்கேன்.

– அம்மா...

– ம்.

– கடவுளே. நாலு வருஷமா உங்களுக்குப் போய் அந்த மெயிலை... மன்னிச்சுடுங்கம்மா. சத்தியமாத் தெரியாது. இதோ, இப்பவே அழிச்சுடறேன். இனிமே ஒரு வரிகூட வராது.

– வேண்டாங்க. கையை எடுங்க. சம்மதம்னே போடுங்க.

– வருஷம் தவறாம வருமேம்மா. எப்படித் தாங்குவீங்க?

– ஸ்கூல் ரெஜிஸ்டர்ல, ஆஸ்பத்திரிச் சீட்டுல, எங்க வீட்டுப் போட்டோவுல, எங்க பார்த்தாலும் அவனுக்கு ஆறு வயசுதாங்க. உங்க கடையில மட்டும்தான் அவன் இன்னும் வளர்ந்துக்கிட்டே இருக்கான்.