குட்டிக்கும் ஒரு டிக்கெட்

கீரனூரில் திருச்சி பஸ் நின்றது. "செம்மறிக்குட்டிக்கும் டிக்கெட் போடுங்க தம்பி!" என்றார், மலைமக்களுக்குப் பைபிளை மொழிபெயர்க்கும் மிஷனரி அம்மா ஒருவர்.

"ஆடெல்லாம் ஏத்தக்கூடாதும்மா," என்றார் கண்டக்டர்.

"நான் வேலை பாக்குற மலையில ஆடே கிடையாது, பன்னிதான் வளக்குறாங்க. மேய்ப்பன் கொரல் ஆட்டுக்குத் தெரியும்னு பைபிள்ல வர்றதை எழுதினா நம்பமாட்டேங்கிறாங்க! அங்கேருந்து சில பேரு திருச்சிக்கு வந்திருக்காங்க, சாயங்காலம் ரயிலேறிருவாங்க. அதுக்குள்ள காட்டணும். நானே புட்டிப்பால் குடுத்து வளத்த குட்டி."

"எனக்கே நம்பிக்கை இல்லீங்க."

கண்டக்டர் குட்டியை இறக்கிவிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தார். அது திரும்பவே இல்லை. அந்த அம்மா பஸ்ஸுக்குள் நின்று ஒரு குரல் கொடுத்தார். குட்டி கண்டக்டரின் கால்களுக்கிடையே புகுந்து படியேறி ஓடியது!

பஸ்ஸே கைதட்டியது.

"அவங்க நம்பலேன்னா எனக்குப் போன் போடுங்கம்மா, நான் சாட்சி சொல்றேன். போலாம், ரைட்!"