இடம் போதவில்லை

கொஞ்சம் நெருங்கி உட்கார். சத்தமாகச் சொல்கிற கதை இல்லை.

போன மாதம். ராத்திரி மணி ஏழு இருக்கும். கிடங்குகளுக்குப் பின்னால் போகிற சாலை... ஈ காக்கை இல்லை. என் நண்பன் தன் மாமா வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தான். அத்தைதான் கூப்பிட்டிருந்தாள்.

"உங்க மாமா நேத்துலருந்து அந்தப் பெட்டிய விட்டு எழுந்திரிக்கல. என்னைக் கட்டினாரா, அதைக் கட்டினாரான்னு வந்து கேளு."

பெட்டி என்றால் பழைய கம்ப்யூட்டர். மாமா பள்ளியில் படித்த காலத்தது. டிவியில் மாட்ட வேண்டும். கேசட்டிலிருந்து புரோகிராம் ஏற வேண்டும். அணைத்தால் ஏறியதெல்லாம் அழிந்துவிடும். மாமாவின் அண்ணன் அதில் ஒரு விளையாட்டு எழுதினார். அவர்கள் வீட்டையே கோடு கோடாக வரையும். உள்ளே ஒரு புள்ளி வழி தேடும். பாதியில் 'இடம் போதவில்லை' என்று நின்றுவிடும். அதை முடிக்கும் முன்பே அண்ணன் காய்ச்சலில் போய்விட்டார்.

இத்தனை வருடம் கழித்து மாமா அதற்குக் கூடுதல் மெமரி வைத்தார். பற்றவைத்த ஈயத்தின் புகை வாசனையில் சின்னப் பையன் மாதிரி சிரித்தாராம். கேசட் கீச்சிட்டது... இந்த முறை நிற்கவில்லை. பழைய வீடு முடிந்தது. அடுத்து, மாமா இப்போது இருக்கும் வீட்டை வரைந்தது. அண்ணன் பார்த்தே இராத வீடு. மூலை அறையில், பெட்டி இருந்த இடத்தில், ஒரு புள்ளி. வாசலில் இன்னொன்று.

"அணைச்சா அண்ணன் போயிடுவான்" என்றாராம் அத்தையிடம்.

நண்பன் மூலை அறைக்குள் போனான். நாற்காலி காலி... தொட்டால் சூடு. திரையில் அதே அறைக்குள் இரண்டு புள்ளிகள், ஒட்டி ஒட்டி. கதவருகே மூன்றாவது. அதன் முதுகுக்குப் பின்னால், கதவு இருந்த இடத்தில், ஒரு கோடு மெல்ல வளர்ந்து மூடியது.

திரும்பினான். சுவர்.

எனக்குப் போன் செய்து எல்லாம் சொன்னான். பிளக்கைப் பிடுங்குடா என்றேன்.

"பிடுங்கலாம்டா... ஆனா நானும் இப்ப இதுக்குள்ளதானே இருக்கேன்."

அப்போதுதான் ஊர் முழுக்கக் கரண்ட் போனது.

மறுநாள் நான் போனேன். அறை திறந்தே கிடந்தது. ஆள் இல்லை. பெட்டி ஜில்லென்று இருந்தது. என் போனில் அந்த அழைப்பு மட்டும்... இன்னும் கட் ஆகவில்லை.

இந்தா. காதில் வை. பேசாதே.

கேசட் ஓடுகிறது, கேட்கிறதா?