சடகோபனின் இரண்டு பதிவுகள்

ஒரே ஃபைல் நாலு இடத்தில் இருந்தால் பாதுகாப்பு என்று பலர் நினைக்கிறார்கள் சார். உண்மையில் அது தலைவலி. எது புதியது, எது பழையது என்று தெரியாமல் குழம்பி, நல்லதை அழித்துவிட்டு அப்புறம் உட்கார்ந்து அழுவார்கள். என்னிடம் அந்தப் பேச்சே கிடையாது. ஒவ்வொரு பேக்கப்பின் மேலும் தேதியும், அதில் என்ன மாறியது என்பதையும் எழுதி வைப்பேன். என் கடையிலிருந்து நீங்கள் எடுத்து வந்த சிடிக்களைப் பார்த்தாலே தெரியும். நான் ஒழுங்கான ஆள்.

நீங்கள் கேட்டதை ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன்.

திருத்தணி தாலுகா ஆபீஸுக்கு எதிரே கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிறேன். மனு டைப் அடிப்பது, கல்யாணப் பத்திரிகை, பெண்பிள்ளைகளுக்கு டைப்பிங் வகுப்பு, இவைதான் பிழைப்பு. தொண்ணூற்றெட்டில் சிவப்பிரகாசம் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். திருவாலங்காட்டில் பெரிய கரும்பு விவசாயி. எங்கள் சங்கத் தலைவர். எங்கள் ஜனம் ஆந்திர எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சிதறிக் கிடக்கிறது. யார் பங்காளி, யார் சம்பந்தி என்பது போகப் போகக் குழம்பிவிட்டது. அதற்கு முந்தைய வருடம் ஒரு கல்யாணத்தில், மணமேடைக்குப் போன பிறகுதான் பெண்ணும் பிள்ளையும் ஒரே வம்சம் என்று தெரிந்து எல்லாரும் எழுந்து போனார்கள். அந்த அசிங்கம் இனி வரக் கூடாது என்றார் சிவப்பிரகாசம். வம்சாவளி போடுகிற சாஃப்ட்வேர் ஒன்றை அவருடைய சொந்தக்காரப் பையன் பெங்களூரிலிருந்து கொண்டுவந்து கொடுத்தான். வீடு வீடாகத் தகவல் வாங்கி அதில் ஏற்றுவது என் வேலை.

வேலை எனக்குப் பிடித்திருந்தது. அந்த சாஃப்ட்வேரில் ஒரு வசதி உண்டு. இரண்டு பதிவுகள் ஒரே மாதிரி இருந்தால் பக்கத்தில் பக்கத்தில் காட்டி, இருவரும் ஒரே ஆளா என்று கேட்கும். ஆம் என்றால் இரண்டையும் சேர்த்து ஒரே ஆளாக்கிவிடும். இல்லை என்றால் அப்படியே விட்டுவிடும். அதற்கு மேல் அது வாதாடாது.

ஒருநாள் அது இரண்டு பேரைக் காட்டியது. ஒருவர் சடகோபன், திருவாலங்காடு, சிவப்பிரகாசத்தின் தம்பி. லாரி வைத்திருந்தவர். புத்தூர் ரோட்டில் லாரி கவிழ்ந்து செத்துப்போனார். மனைவியும் கவிப்பிரியா என்று ஒரு பெண்ணும் உண்டு. அண்ணன்தான் அவர்களை வைத்துக் காப்பாற்றினார். இன்னொருவர் கோபால், சித்தூர்ப் பக்கம் என்று எழுதியிருந்தது. நகரியில் ராஜகோபால் என்பவர் தன் தங்கை மணியம்மையின் குடும்பத்துக்காகக் கொடுத்த தகவல் அது. அவள் கணவர் கோபாலும் லாரிக்காரர். மகன் பெயர் ஸ்ரீதர். இருவரும் செத்த தேதி ஒன்று. ஊர் வேறு என்பதால் நான் இல்லை என்று பதில் கொடுத்தேன். ஞாபகத்துக்கு ஒரு பேக்கப் எடுத்து வைத்தேன்.

மறுவாரம் மணியம்மையே வந்தாள். மெலிந்த உடம்பு, மூச்சு வாங்கியது. மலைக்குப் போய்விட்டு வருகிற மாதிரி கையில் பிரசாதப் பொட்டலம் வைத்திருந்தாள். கடையில் வேறு யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டுதான் உட்கார்ந்தாள்.

"எங்கண்ணன் எழுதிக் குடுத்தது பொய் நைனா. மானம் போவுதேன்னு சித்தூர்னு எழுதிட்டாரு. அவரு பட்டாளத்துல இருந்தாரு, எம் புருஷன பாத்ததே இல்ல."

"உங்க வீட்டுக்காரர் எந்த ஊருங்க?"

"திருவாலங்காடு. இங்க சம்சாரம் இருக்குன்னு எனக்கு அப்புறமாத்தான் தெரியும். அதுக்குள்ள வயித்துல புள்ள. செத்தப்ப ஆஸ்பத்திரி வாசல்ல ஜனத்தோட ஜனமா நின்னு பாத்துட்டு வந்துட்டேன். கிட்ட போவல."

முந்தானைக்குள்ளிருந்து ஒரு போட்டோவை எடுத்தாள். சடகோபன், பக்கத்தில் இவள், மடியில் குழந்தை. மகனுக்கு அதைக் காட்டியதே இல்லை என்றாள். காட்டினால் தேடிக்கொண்டு போவான், போன இடத்தில் அடித்துத் துரத்துவார்கள் என்று பயம்.

"சொத்து ஒண்ணும் வாணாம். எம் புள்ள பேரு அவங்கப்பன் பேருக்குக் கீழ இருக்கணும். அவ்ளோதான். நான் இருக்கற வரைக்கும் யார்கிட்டயும் சொல்லாத. நான் போனப்புறம் அவன்கிட்ட நீயே சொல்லிடு."

சொல்கிறேன் என்றேன். அவள் எதிரிலேயே இரண்டு பதிவுகளையும் சேர்த்தேன். சடகோபன் ஒரே ஆளானார். கவிப்பிரியாவும் ஸ்ரீதரும் அவருக்குக் கீழே பக்கத்தில் பக்கத்தில் வந்தார்கள். போட்டோவையும் ஸ்கேன் செய்து ஏற்றினேன். திரையில் மகன் பெயரைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனாள். போட்டோவை என்னிடமே விட்டுவிட்டாள். சேர்த்த ஃபைலுக்கும் ஒரு பேக்கப் எடுத்தேன். அப்போது என்னிடம் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. அதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

கவிப்பிரியா என்னிடம் டைப்பிங் படித்தவள். நல்ல பெண். வகுப்பு முடிந்த பிறகும் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருப்பாள். நான் என் அம்மாவைச் சிவப்பிரகாசம் வீட்டுக்கு அனுப்பிப் பெண் கேட்கச் சொன்னேன். அவர் அம்மாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. காபி கொடுத்து அனுப்பிவிட்டார். பதில் சங்கக் கூட்டத்தில் வந்தது.

எல்லாருடைய வம்சாவளியையும் அச்செடுத்துக் கொண்டுவரச் சொல்லியிருந்தார். மணியம்மைக்குக் கொடுத்த வாக்குக்காகப் பழைய பேக்கப்பிலிருந்து நானே அச்செடுத்து, நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். அதில் என் குடும்பத் தாளை எடுத்து உயர்த்திக் காட்டினார். என் தாத்தாவுக்கு மேலே பெட்டி காலியாக இருந்தது. தாத்தாவின் அப்பா யார் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது.

"பாத்தீங்களா இத? மேல ஆளே இல்ல. இவரு எங்க வூட்ல பொண்ணு கேட்டு அனுப்பறாரு. அப்பன் பேரு தெரியாத வம்சம், எங்க சடகோபன் பொண்ண கேக்குது."

சிரித்தார்கள். எல்லாரும் என்று சொல்ல மாட்டேன், நிறையப் பேர் சிரித்தார்கள். அவர் சொன்னதில் தகவல் பிழை எதுவும் இல்லை. நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன். தாள்களைத் திரும்ப வாங்கி அடுக்கிக்கொண்டு வந்தேன். மறுநாள் கவிப்பிரியா கடைக்கு வந்தாள்.

"பெரியப்பா பேசுனது தப்புங்க. மனசுல வச்சிக்காதீங்க. ஆனா எனக்கும் அந்த மாதிரி எண்ணம் இல்லீங்க அண்ணா."

பரவாயில்லம்மா என்றேன். அவள் நிம்மதியாகப் போனாள்.

அந்த வருடமே மணியம்மை செத்துப்போனாள். ஸ்ரீதருக்குச் சொல்ல வேண்டிய தகவல் என்னிடம் இருந்தது. நான் சொல்லவில்லை. யாரும் கேட்கவில்லை.

பிறகு கவிப்பிரியாவுக்கு ஸ்ரீதரின் வரன் வந்தது. அவர் அப்போது ஒரு கல்லூரியில் கணக்கு விரிவுரையாளர். அமைதியான மனிதர், நல்ல நிறம், நெற்றி மட்டும் கொஞ்சம் அகலம். சிவப்பிரகாசம் என்னிடம்தான் வந்தார். பழைய கூட்டத்தை அவர் மறந்தே போயிருந்தார் என்று நினைக்கிறேன். அடித்தவர்களுக்கு அது நினைவிருப்பதில்லை.

"பையன் வம்சம் பாத்து சொல்லுப்பா. பங்காளி கிங்காளி ஆயிடப் போவுது."

என்னிடம் இரண்டு பேக்கப் இருந்தது. ஒன்று சடகோபனும் கோபாலும் ஒரே ஆள் என்பது. இன்னொன்று அதற்கு முந்தையது, இருவரும் வேறு வேறு ஆள் என்பது. நான் பழையதை எடுத்துப் போட்டேன். கோபால், சித்தூர்ப் பக்கம். சடகோபன், திருவாலங்காடு. நடுவில் ஒரு கோடும் இல்லை. அச்செடுத்துக் கொடுத்தேன்.

"ஒரு சம்பந்தமும் இல்லீங்க. தைரியமா பண்ணுங்க."

"கம்ப்யூட்டரே சொல்லிடுச்சு. அப்புறம் இன்னா" என்றார்.

ஒரு திருத்தம் சொல்ல வேண்டும் சார். வரன் வந்தது என்றேன். தானாக வரவில்லை. படித்த பையனாக யாராவது இருந்தால் பார் என்று சிவப்பிரகாசம் கேட்டபோது ஸ்ரீதரின் பெயரைக் கொடுத்தது நான். நகரிக்குப் பஸ் ஏறிப் போய் ராஜகோபாலிடம் பெண்ணைப் பற்றி நல்லவிதமாகச் சொன்னதும் நான். பொருத்தமான பையன்கள் வேறு சிலரும் ஃபைலில் இருந்தார்கள். நான் பார்த்தேன். ஸ்ரீதரை எடுத்தேன்.

கல்யாணம் திருத்தணியில் நடந்தது. பத்திரிகை என் கடையில்தான் அடித்தார்கள். போய் மொய் எழுதிவிட்டுச் சாப்பிட்டேன். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தார்கள். "ரெண்டு பேருக்கும் ஒரே ஜாடை, எவ்ளோ பொருத்தம்" என்று பந்தியில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்த அம்மாள் சொன்னாள். ஆங் என்றேன். ரசம் நன்றாக இருந்தது.

தாலி கட்டுவதற்கு முன்னால் ஏன் நிறுத்தவில்லை என்று கேட்பீர்கள். நிறுத்தியிருந்தால் அவர்களுக்கு ஒருநாள் தலைகுனிவு. அடுத்த மாதம் வேறு பையன் கிடைத்திருப்பான். சிவப்பிரகாசம் மறுபடியும் கூட்டத்தில் எழுந்து நின்று பேசியிருப்பார். நான் காத்திருந்தேன். காத்திருப்பது கஷ்டமாக இல்லை. அவ்வப்போது இருவரும் கடைக்கு வருவார்கள். ஸ்ரீதர் வினாத்தாள் டைப் அடிக்கக் கொடுப்பார். கவிப்பிரியா மாசமாக இருந்தபோது என் அம்மா புளிசாதம் கட்டிக் கொடுத்தாள். நான்தான் கொண்டுபோனேன்.

பெண் குழந்தை பிறந்தது. தேவசேனா என்று பேர் வைத்தார்கள். மலைமேல் மொட்டையடித்து, கீழே மண்டபத்தில் காது குத்து வைத்தார்கள். சிவப்பிரகாசம் சங்கத்துக்காரர்கள் அத்தனை பேரையும் அழைத்திருந்தார். குழந்தையின் வம்சாவளியைப் பெரிதாக அச்சடித்து மண்டபத்தில் மாட்ட வேண்டும் என்று அவரே கேட்டார். நான் யோசனை சொல்லவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

இந்தமுறை சரியான பேக்கப்பை எடுத்தேன். கல்யாணத்தையும் குழந்தையையும் அதில் ஏற்றினேன். தேவசேனாவிலிருந்து இரண்டு கோடுகள் மேலே போய், அப்பா வழியாக ஒன்று, அம்மா வழியாக ஒன்று, சடகோபன் என்ற ஒரே பெட்டியில் முடிந்தன. பெட்டிக்குள் மணியம்மை கொடுத்த போட்டோவை வைத்தேன். பெரிய தாளில் அடித்து, சட்டம் போட்டு, விடிந்ததும் போய் மாட்டிவிட்டு ஓரமாக நின்றேன்.

முதலில் பார்த்தது ஸ்ரீதர். கணக்குக்காரர் அல்லவா. விரலால் கோட்டைத் தொட்டுக்கொண்டே போனார்.

"இளங்கோவன், இங்க ஒரு தப்பு இருக்கு பாருங்க. ரெண்டு கோடும் ஒரே இடத்துக்குப் போவுது."

"தப்பு இல்லீங்க சார்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு போட்டோவைப் பார்த்தார். அதற்குள் சிவப்பிரகாசம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்திருந்தார்.

"இது நம்ம சடகோபன். எங்க புடிச்ச இந்தப் போட்டோவ? பக்கத்துல இந்தப் பொம்பள யாரு?"

"எங்கம்மா" என்றார் ஸ்ரீதர்.

மேளக்காரர்களுக்கு ஒன்றும் தெரியாது. அவர்கள் வாசித்துக்கொண்டேயிருந்தார்கள். கவிப்பிரியா மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய குழந்தையோடு வந்து, என்ன எல்லாரும் இங்கேயே நிற்கிறீர்கள் என்று கேட்டாள். அவளாகவே படித்துக்கொண்டாள். குழந்தையைக் கீழே இறக்கிவிட்டாள். அது நடக்கத் தெரியாத குழந்தை, உட்கார்ந்து அழுதது. சிவப்பிரகாசம் நாற்காலியைத் தேடிக் கையை நீட்டினார். அவருக்கு நான்தான் நாற்காலி போட்டேன்.

ஸ்ரீதர் செருப்புகூடப் போடாமல் வெளியே போனார். அன்றைக்கே அரக்கோணம் போகிற தண்டவாளத்தில் கிடந்தார். அதை நான் எதிர்பார்க்கவில்லை. எதிர்பார்க்கவில்லை என்றால், யாராவது ஒருவர் அப்படிச் செய்வார்கள் என்று தெரியும், அவராக இருப்பார் என்று நினைக்கவில்லை. சிவப்பிரகாசமாக இருப்பார் என்று நினைத்தேன்.

காரியம் முடிந்த பிறகு கவிப்பிரியா என் கடைக்கு வந்தாள். குழந்தை இடுப்பில் இருந்தது.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"ஆரம்பத்துலயே."

"கல்யாணத்துக்கு முன்னாடியேவா?"

"ஆங்."

கத்துவாள் என்று நினைத்தேன். உட்கார்ந்துவிட்டாள். குழந்தை விசைப்பலகையைத் தட்டியது, அதன் கையைப் பிடித்து எடுத்துவிட்டாள்.

"எங்கள விடு. இவ பேர மட்டும் அதுலேர்ந்து எடுத்துடு. இவளுக்கு ஒண்ணும் தெரிய வாணாம். நாங்க எங்கயாவது போயிடறோம்."

அவள் கண்ணெதிரே தேவசேனாவின் பதிவை அழித்தேன். அவள் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். போய்விட்டதா என்று இரண்டு முறை கேட்டாள். போய்விட்டது என்றேன். எழுந்து போனாள். அங்கிருந்து நேராக உங்கள் ஸ்டேஷனுக்குத்தான் வந்திருக்கிறாள்.

கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லிவிட்டேன் சார். அவர்கள் இருவரும் அண்ணன் தங்கை என்று தெரிந்தே சேர்த்து வைத்தேன். குழந்தை பிறக்கும் வரை பேசாமல் இருந்தேன். எந்தச் செக்‌ஷனில் இது வரும் என்று நீங்கள் இன்னும் புத்தகத்தைப் புரட்டுகிறீர்கள், அது உங்கள் வேலை. என்னைக் குரூரமானவன் என்று எழுதாதீர்கள். அந்தப் பெண் அழிக்கச் சொல்லி என் கடைக்கு வருவதற்கு முன்னாலேயே சங்கத்தில் இருக்கும் ஒவ்வொரு குடும்பத்துக்கும், நகரி வரைக்கும், முழு ஃபைலையும் சிடியில் போட்டு அனுப்பிவிட்டேன். குழந்தைதான் காரணம். நாளைக்கு அவளைப் பெண் கேட்டு யாராவது வருவார்கள். அவள் அம்மாவுக்கு நடந்தது அவளுக்கு நடக்கக் கூடாது. அவள் யார் என்பது எல்லாருக்கும் சரியாகத் தெரிந்திருக்க வேண்டும். அந்தக் குழந்தைமேல் அக்கறை உள்ளவன் நான் ஒருவன்தான்.