எல்லப்பன் மேஸ்திரி எழுதிய முறைப்பட்டியல்

கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் கோட்டைக்குப்பம் ஊர்ப் பெரியவர் பெருமாள் அவர்களே, மேடையில் இருக்கும் ட்ராக் சங்கச் செயலாளர் ஜோஷ்வா அவர்களே, முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் மேஸ்திரியின் மனைவி பச்சையம்மா அக்கா அவர்களே, இன்று கடலுக்குப் போகாமல் இந்த வலைக்கூடத்தில் கூடியிருக்கும் ஊராரே, சுண்ணாம்புக்குளத்திலிருந்து வந்திருக்கும் என் ஜனங்களே, சென்னையிலிருந்து விலை உயர்ந்த கார்களை மிக மெதுவாக ஓட்டி வந்திருக்கும் நண்பர்களே! அந்த மெதுவுக்கு முதலில் நன்றி. அந்த மெதுவை உங்களுக்குப் பழக்கிய மனிதருக்காகத்தான் இன்று கூடியிருக்கிறோம்.

என் பெயர் நந்தினி. கார் தொழிற்சாலையில் ஒப்பந்த வேலை பார்க்கிறேன். என் அம்மா நாகம்மாள் ஏரியில் கையால் தடவி எறாவும் நண்டும் பிடிக்கிறவள். எல்லப்பன் மேஸ்திரி எனக்கு உறவு இல்லை. அவரிடம் நான் தொழில் கற்றுக்கொள்ளவும் இல்லை. நான் அவரிடம் சண்டை போடப் போனவள். மூன்று வருஷம் சண்டை போட்டேன். சண்டை முடியவில்லை, மனிதர் போய்விட்டார்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, திருப்பாலைவனம் பஸ் நிறுத்தத்தில் என் அம்மா நண்டுக்கூடையோடு நின்றாள். பொன்னேரியிலிருந்து பழவேற்காடு வரை எந்தக் கார் முதலில் வரும் என்று ஆறு பேர் பந்தயம் ஓட்டினார்கள். மூன்றாவதாக வந்த கார் அம்மாவின் காலை உடைத்தது. அந்தக் காரை ஓட்டியவர் இங்கே மேடையில் இருக்கிறார். நான் பெயர் சொல்லவில்லை, அவரே போன கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னார்.

காரையும் ஆட்களையும் ஊர் பிடித்து வைத்தது. சாவி எஞ்சின் மேஸ்திரி கையில். படகு எஞ்சின் பார்க்கிற கை அல்லவா, எந்தச் சாவியும் அவரிடம்தான் வரும். வழக்கு போட்டோம், அது நடக்கிறது, நடக்கும். ஆனால் அன்றைக்கு அந்தப் பிள்ளைகளைப் பார்த்து மேஸ்திரி கேட்டது ஒரே கேள்வி.

"இவ்ளோ வேகமா போய் பழவேற்காட்டுல இன்னாடா பண்ணுவீங்க?"

"டிபன் சாப்பிடுவோம்ணே."

"இட்லி ஓடியா போயிடும்?"

யாரும் சிரிக்கவில்லை. அவரும் சிரிக்கவில்லை. "ஓட்டணும்னா ஓட்டு. ஓட்டறதுக்குன்னு கட்டி வெச்ச எடம் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருக்குதே, அங்க ஓட்டு. நான் வர்றேன்" என்று சொன்னார். பந்தய மைதானத்தை அதுவரை அவர் பார்த்ததே இல்லை!

அவரைக் கொல்லலாம் போல எனக்கு வந்தது. என் அம்மா பொன்னேரி ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள், இவர் பணக்காரப் பசங்களுக்கு விளையாட்டு ஏற்பாடு செய்கிறார்! அவர் பட்டறையில் போய்க் கத்தினேன். முழுவதும் கேட்டுவிட்டுச் சொன்னார்: "நீ திட்டறது சரிதான். ஆனா இவனுங்களை ரோட்டுலேர்ந்து எடுக்கணும். அதட்டுனா ஒரு மாசம் வரமாட்டானுங்க. வேற எடம் குடுத்தா எப்பவும் வரமாட்டானுங்க. நீ கார் கம்பெனில இருக்கறவ. வந்து பக்கத்துல நில்லு. நான் தப்பு பண்ணா இதே மாதிரி கத்து."

நின்றேன். கத்தினேன்.

அந்த ஆறு பேர், அவர்களின் நண்பர்கள், மேஸ்திரி, நான் என்று பதிமூன்று பேர் சேர்ந்து ட்ராக் சங்கம் ஆனோம். சென்னையிலிருந்து வந்திருப்பவர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் ஏரியில் வலை போடுவதற்குப் பாடு என்று ஒரு முறை இருக்கிறது. மீன் அதிகம் படுகிற இடங்களில் யார் எந்த நாள் வலை போடுவது என்று ஊர் வரிசை எழுதி வைக்கும். இன்று முதலிடத்தில் போட்டவன் நாளை கடைசிக்குப் போவான். பெரிய படகு, சின்ன படகு என்ற பேச்சே இல்லை. மேஸ்திரி அந்த முறையை அப்படியே தூக்கிக்கொண்டு போய் தார் ரோட்டில் போட்டார். காலையில் முதல் இருபது நிமிஷம்தான் ட்ராக்கில் ராஜ நேரம். தரை குளிர்ந்திருக்கும், எஞ்சின் நன்றாக மூச்சு விடும். எல்லோரும் கேட்பது அதைத்தான். மேஸ்திரி சொன்னார், முதல் முறை ஒவ்வொரு ஞாயிறும் பட்டியலில் அடுத்த பெயருக்கு நகரும், கார் என்ன விலையாக இருந்தாலும் சரி.

அழகான ஏற்பாடு இல்லையா? ஆனால் அவர் எழுதிய முதல் பட்டியலைப் படித்ததும் கலாட்டா ஆனது. பதிமூன்று பேரில் ஒன்பது பேருக்குத்தான் பெயர் இருந்தது. எல்லாரையும்விட வேகமான கார் வைத்திருந்த ஜோஷ்வாவுக்கே இல்லை!

"அண்ணே, என் பேரு விட்டுப் போச்சு."

"உனக்குக் கல்யாணம் ஆச்சா?"

"இல்லண்ணே."

"அப்புறம் இன்னா பேரு? கல்யாணம் ஆனாத்தான தலைக்கட்டு? தலைக்கட்டுக்குத்தான பாடு?"

சங்கத்தில் இருந்த டாக்டர் அம்மா, கல்யாணம் ஆகி இரண்டு பிள்ளை பெற்றவர், எழுந்தார். "எனக்கு ஆச்சே, மேஸ்திரி. எனக்கும் பேரு இல்லையே?" இவர் கொஞ்சமும் தயங்காமல், "உங்க வீட்டுக்காரரைத்தான் எழுதியிருக்கேன், பாருங்க" என்றார். அந்த வீட்டுக்காரருக்குக் கார் ஓட்டவே தெரியாது!

நீங்கள் சிரிக்கிறீர்கள். அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் கூட்டத்தில் எழுந்து கேட்டேன். "மேஸ்திரி, ஏரியில என் அம்மாவுக்கு முறை கெடையாது. எங்க ஜனத்துக்கே கெடையாது. மிச்சம் மீதி எடத்துல தடவிட்டுப் போறோம். புதுசா ஒரு எடத்துக்கு வந்தீங்க. அங்கயும் அதே வேலிய நட்டுட்டீங்க. இதுக்கு எதுக்கு இம்மாந் தூரம்?"

மனிதர் அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். மறுநாள் மதியம் நான் வேலையில் இருக்கும்போது போனில் ஒரு படம் வந்தது. புதிய பட்டியல். மேலே ஒரே வரி: லைசென்ஸ் இருந்தால் பெயர் உண்டு. பதிமூன்று பெயர். பத்தாவது ஜோஷ்வா. பன்னிரண்டாவது நந்தினி. கடைசி எல்லப்பன். ஐம்பது வயதை நெருங்கிய ஒருவர், ஊரில் பேர் பெற்ற ஒருவர், தான் எழுதியது தப்பு என்று ஒரே நாளில் கிழித்துப் போடுவதை நீங்கள் எத்தனை முறை பார்த்திருக்கிறீர்கள்? நான் அந்த ஒரு முறைதான் பார்த்தேன்.

ஒன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். ஏரியில் அவர் எதையும் மாற்றவில்லை. கேட்டேன். "அது என் ஒருத்தன் கையில இல்லம்மா" என்றார். அந்தப் பதில் எனக்கு இன்றைக்கும் கசக்கிறது. பெரியவர் பெருமாள் அவர்களே, நீங்கள் தலை குனிய வேண்டாம், பதில் சொன்னால் போதும். இன்றைக்கு வேண்டாம். ஆனால் சொல்ல வேண்டும்.

அவர் சீசனைத் திட்டமிட்ட விதத்தைக் கேளுங்கள். வருஷத்துக்கு ஆறு ஞாயிறு. ஆறையும் ஏப்ரல் பாதியிலிருந்து ஜூன் பாதிக்குள் போட்டார். கத்திரி வெயிலில்! சங்கத்தில் எல்லோரும் குதித்தார்கள், டயர் உருகிவிடும் என்றார்கள். "வெயிலு டயருக்கா உனக்கா? விடிய ஆரம்பிச்சு பத்து மணிக்கு முடிச்சுடு" என்றார். ஏன் அந்த மாதங்கள் தெரியுமா? கடலில் தடைக்காலம். விசைப்படகு கரையில் நிற்கும். அதில் போகிறவர்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். வளைவுக்கு வளைவு கொடி பிடித்து நிற்க ஆள் வேண்டும். கடலில் அரை மைல் தள்ளி இன்னொரு படகில் துண்டு ஆட்டினால் என்ன ஏது என்று படித்துவிடுகிற கண் யாருக்கு இருக்கிறது? இந்த ஊர்க்காரனுக்கு! வேலையில்லாத நாளில் கூலி, காருக்குப் பாதுகாப்பு, இரண்டையும் ஒரே தாளில் எழுதினார். திட்டமிட மேலாண்மை படித்து வந்த ஆட்கள் எங்கள் தொழிற்சாலையில் முப்பது பேர் இருக்கிறார்கள். ஒருவருக்கும் இது தோன்றியிருக்காது.

ட்ராக்கில் அவர் முதலில் செய்வது என்ன? செருப்பைக் கழற்றிவிட்டு முழுச் சுற்றும் நடப்பார். ஒவ்வொரு ஞாயிறும். போன வருஷம் ஆறாவது ஞாயிறு, நாலாவது வளைவில் நின்றார். பாதத்தைத் தேய்த்தார். "கொடி போடு, ஒருத்தனும் கிளம்பக் கூடாது." நாங்கள் போய்ப் பார்த்தோம். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. கார்கள் உறுமிக்கொண்டு நிற்கின்றன, வெயில் ஏறுகிறது, நாற்பது நிமிஷம் திட்டு வாங்கினார். வெள்ளைத் துணியால் துடைக்கச் சொன்னார். துணி கறுப்பானது. முந்தின நாள் எவனோ சிந்திய ஆயில், மேலே மெல்லிசாக மணல் படிந்து கிடந்தது. அன்றைக்கு முதல் முறை என்னுடையது; இரவல் காரில் அந்த வளைவுக்குள் நூற்றிருபதில் நுழைந்திருக்க வேண்டியவள் நான்.

இரண்டு சீசன், பன்னிரண்டு ஞாயிறு. ஒரு விரல்கூட உடையவில்லை. திருப்பாலைவனம் ரோட்டில் மூன்று வருஷமாகப் பந்தயம் இல்லை. இதை எந்த அதிகாரி செய்தார்? எந்தப் பலகை செய்தது?

ஆம்புலன்ஸ் வந்து நிற்காமல் ஒரு காரும் அசையக் கூடாது என்பது அவர் போட்ட சட்டம். அந்த மனிதருக்குப் போன மூன்றாம் தேதி காலை கடற்கரையில் நெஞ்சு வலி வந்தபோது ஆம்புலன்ஸ் எங்கே இருந்தது? ஐம்பது நிமிஷம் ஆகும் என்றார்கள். பச்சையம்மா அக்கா ஐஸ் பெட்டி ஏற்றுகிற தன் லோடு ஆட்டோவில் அவரைப் படுக்க வைத்துத் தானே ஓட்டிப் போனார். திருப்பாலைவனம் தாண்டவில்லை. பொழுதுபோக்காகக் கார் ஓட்டும் பதிமூன்று பேருக்கு ஆம்புலன்ஸ் காத்து நிற்கும். கடலை நம்பிப் பிழைக்கும் இத்தனை குப்பங்களுக்கு ஒன்று நிற்காதா? இதை இரங்கல் கூட்டத்தில் கேட்கக் கூடாது என்கிறார்கள். வேறு எந்தக் கூட்டத்தில் நாம் எல்லோரும் ஒன்றாக உட்காருகிறோம்?

நண்பர்களே, இன்னும் மூன்று வாரத்தில் மூன்றாவது சீசன். கூட்டத்துக்குள் வரும்போது வாசலில் ஜோஷ்வா என்னை நிறுத்தினார். "நந்தினி, ரெண்டு பேர் கேக்கறாங்க. ட்ராக் வாடகையில அதிகம் போடறவங்களுக்கு முதல் முறைன்னு வெச்சா சீசன் நிக்கும், இல்லன்னா வெலகிடுவோம்ங்கறாங்க. மேஸ்திரி சொன்னா அடங்குவாங்க. நீ சொன்னா அடங்குவாங்களா?"

நியாயமான கேள்வி. நான் சொன்னால் அடங்க மாட்டார்கள். அதனால் நான் அடக்கப் போவதில்லை. விலகுகிறவர்கள் விலகட்டும். ஆனால் ஒன்று. சீசன் நின்றால் கார் எங்கே போகும்? அந்த ரோட்டுக்குத்தான் போகும். பஸ் நிறுத்தத்தில் கூடையோடு நிற்கப் போவது என் அம்மா, இல்லை உங்கள் அம்மா. ஊராரே, கொடி பிடிக்க நாங்கள் வருகிறோம் என்று நீங்கள் இங்கே சொல்லுங்கள். மிச்சம் இருக்கும் பன்னிரண்டு பேரில் ஏழு பேர் நின்றால்கூட ட்ராக் வாடகையைக் கட்டிவிடலாம். முறை மாறாது. இந்தப் படத்துக்கு முன்னால் நான் கொடுக்கும் வாக்கு இது. ஜோஷ்வா அவர்களே, நீங்கள்?

எழுந்து நிற்கிறார். நன்றி. டாக்டர் அம்மா, நன்றி. நான்கு, ஐந்து... பின்னால் யார்? ஒன்பது. போதும், உட்காருங்கள்.

பன்னிரண்டு ஞாயிறும் முடிந்துவிட்டது. வரும் பதிமூன்றாவது ஞாயிற்றின் முதல் முறை மேஸ்திரியுடையது. அதை என்ன செய்வது என்று கேட்க நேற்று அவர் வீட்டுக்குப் போனேன். அவர் நினைவாக இருபது நிமிஷம் ட்ராக்கைக் காலியாக விடலாமா என்று கேட்டேன். அக்கா என்னை முறைத்தார்.

"காலியா எதுக்கு வுடணும்? ஏரியில ஒரு வீட்டு ஆம்பள செத்தா அந்தப் பாடு வீட்டுக்குத்தான வரும்? எனக்கு எழுது."

"அக்கா, லைசென்ஸ் வேணும். அவரே போட்ட சட்டம்."

"மூணு சக்கரம் பன்னெண்டு வருசமா ஓட்டறேன். நாலாவது சக்கரத்துக்கு நேத்தே எழுதிக் குடுத்துட்டேன்."

"மூணு வாரத்துல வராதுக்கா."

"வராட்டி ஜூன்ல ஓட்டறேன். முறைய மாத்திக்கக் கூடாதா? காத்து அடிச்சா ஏரியில மாத்திக்கறது இல்ல? இன்னாத்துக்கு இப்டி நிக்கற? பேனாவ எடு."

எடுத்தேன். மூன்றாவது சீசனின் பட்டியலை இப்போது வாசிக்கிறேன். வருகிறவர்கள் ஏப்ரல் மூன்றாவது ஞாயிறு காலை ஐந்து மணிக்கு ஹெல்மெட்டோடு வந்துவிட வேண்டும்.

முதல் முறை, பச்சையம்மா.