ஊதிக் காட்டுங்க

— உள்ள வேணாம்னா வேணாம்ங்க. இந்த மரத்தடியில நிழல் இருக்கு, பெஞ்சு இருக்கு. உக்காருங்க.

— நான் போறேன்னு சொன்னேனா லோகா? உக்காரத்தானே வந்தேன். நீ எதுக்கு என் சட்டைக் கையப் புடிச்சிருக்க?

— புடிக்கல. கை பட்டுச்சு.

— புக்கிட் ரோத்தான் வீட்டுலேருந்து இந்த ராசா ஊரு வரைக்கும் காடியில பட்டுக்கிட்டே வந்துச்சு அந்தக் கை. அறுபத்தஞ்சு வயசு ஆளுடி நானு. திருச்செல்வத்த அவன் பொண்டாட்டி கைது பண்ணிக் கூட்டிட்டுப் போறாள்னு பாக்கறவன் நெனைப்பான்.

— நெனைக்கட்டும். பொறந்த நாளுக்கு மாமனார விஸ்கி காய்ச்சுற பேக்டரிக்குக் கூட்டிட்டு வர்ற மருமக எந்த ஊர்லங்க கெடைப்பா? எனக்குன்னு வந்து வாய்ச்சிருக்கா.

— துளசிய ஏன் திட்டற? அது கட்டிக்கிட்டு வந்த நாள்லேருந்து இந்த மாமன் தேத்தண்ணி குடிச்சுத்தான் பாத்திருக்கு. பழைய கதைய அதுகிட்ட சொல்லவே கூடாதுன்னு சத்தியம் வாங்குனது யாரு? நீதானே.

— நான்தான். ஒத்துக்கறேன். ஆனா நம்ம மகனுக்குத் தெரியும்ல? துளசி டிக்கெட் எடுக்கறப்பவே, வேற எங்கயாச்சும் போவோம்னு திலீப் ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?

— சொன்னா ஏன்னு கேப்பா. ஏன்னு கேட்டா அப்பன் மானத்த எடுத்து வெளிய போடணும். பாவம், வாய மூடிக்கிட்டான். காடி ஓட்டுறப்ப ரோட்டப் பாத்தத விட கண்ணாடியில என்னையத்தான் பாத்தான். ரெண்டு பேரும் மாறி மாறிக் காவல் காத்து என்னைக் களைக்க வச்சிட்டீங்க லா.

— எங்களுக்குக் களைப்பு இல்லையா?

— இருக்கும். இல்லன்னு சொல்லல.

— குடும்பத்தோட வாங்கன்னு பலூன் கட்டியிருக்கான் பாருங்க. பிள்ளைங்களுக்கு ஐஸ்கிரீம் வண்டி வேற. அதுக்குப் பக்கத்துலயே இருபத்தோரு வயசுக்கு மேல, முஸ்லிம் அல்லாதவங்களுக்கு மட்டும்னு போர்டு.

— இது பழைய கித்தா பேக்டரிதான். இங்கல்லாம் லோரியில ரப்பர் பால் ஏத்திட்டு வந்திருக்கேன். வேலை முடிஞ்சா அந்தச் செவுத்துக்குப் பின்னால ஒளிஞ்சு நின்னு சம்சு சாராயம் குடிப்போம். இன்னிக்கு டிக்கெட்டு குடுத்து, கையில பேப்பர் காப்பு மாட்டி, குனிஞ்சு வணக்கம் வேற வைக்கிறான்.

— ஆசையா இருக்கா?

— காடிக் கதவத் திறந்ததும் மூஞ்சில வந்து அடிச்சுது லோகா அந்த வாசனை. வயித்துக்குள்ள ஒரு ஆளு எந்திரிச்சு உக்காந்துட்டான். ஏன், உனக்கு ஒண்ணும் செய்யலையா? முன்னெல்லாம் கள்ளுக்கடைப் பக்கம் பஸ்சு போனாலே முந்தானைய எடுத்து மூக்குல வச்சுக்குவே.

— பழகிப் போச்சு.

— எப்படிப் பழகும்?

— உங்களக் கட்டிக்கிட்டு முப்பத்தெட்டு வருஷம் ஆச்சுல்ல, பழகாம? இந்தாங்க, தண்ணி குடிங்க. பச்சத் தண்ணிதான்.

— ஜொகூர் போற பையெல்லாம் கட்டிட்டியா?

— கட்டிட்டேன். வியாழக்கெழம காலையில பஸ். பிரசவம், பத்தியம், பிள்ளையக் குளிப்பாட்டறது எல்லாம் சேத்து மூணு மாசம் ஆயிடும்.

— மூணு மாசம்.

— அன்பரசிக்குக் கல்யாணமாகிப் பதினோரு வருஷம் கழிச்சு தரிச்சிருக்குங்க. அம்மா நீ வந்தாதான் எனக்குத் தெம்புன்னு போன்ல அழுவுறா. நான் போகாம யாரு போவா?

— அப்பாவையும் கூட்டிட்டு வான்னு சொன்னாளா?

— அவளுக்கு இன்னும் மனசு ஆறலைங்க. மணவறையில உக்காந்துக்கிட்டு அப்பா எங்க, அப்பா எங்கன்னு கேட்டுக்கிட்டே இருந்தா. நீங்க மண்டபத்துக்குப் பின்னால, பாத்திரம் கழுவற எடத்துல விழுந்து கெடந்தீங்க. எங்கண்ணன்தான் தாரை வாத்துக் குடுத்தாரு. எந்தப் பொண்ணு மறப்பா?

— நான் மறந்தேனா?

— அதுக்குச் சொல்லல. நான் திரும்பி வர்ற வரைக்கும் திலீப் வீட்டுல இருங்க.

— பதினேழாவது மாடி. சன்னலத் திறந்தா அடுத்தவன் சமையக்கட்டு. எனக்கு ஆவாது. நாய்க்கு யாரு சோறு வைப்பா? லோகா, நீ போகாத.

— என்ன பேச்சு இது?

— போகாதன்னு சொல்றேன். வேற எப்படிச் சொல்றதுன்னு தெரியல. சாயந்திரம் ஆறு மணிக்கு லோரிய விட்டுட்டு வந்தா நீ வாசல்ல நிக்கிறே. "ஊதிக் காட்டுங்க"ங்கறே. ஊதுறேன். மோந்து பாத்துட்டு வழி விடறே. நீ ஆஸ்பத்திரியில கெடந்த அந்தப் பத்து நாளத் தவிர, பதினோரு வருஷமா இது ஒரு நாள் தப்புனது இல்ல. போலீஸ்காரன்கூட பெருநாள் சமயத்துலதான் ஊதச் சொல்றான். நான் காய்ச்சல்ல வந்தாலும் ஊதணும், எழவு வீட்டுலேருந்து வந்தாலும் ஊதணும்.

— ரொம்பக் கஷ்டப்படுத்திட்டேனோ?

— மொதல்ல கோவம் வந்துச்சு. அப்புறம் அலுப்பு. இப்ப அது இல்லன்னா நான் இல்ல. ஜெராம் கடைத்தெருவுல லோரிய நிறுத்துனா, பழைய கூட்டாளிங்க கை காட்டிக் கூப்புடுவானுங்க. நாக்கு ஊறும். சாயந்திரம் இவ மூக்கு கண்டுபுடிச்சிருமேன்னு நெனைப்பு வரும். வண்டிய எடுத்துருவேன். இதுல என் யோக்கியத ஒண்ணும் இல்ல. உன் மூக்குதான் என்னை மனுஷனா வச்சிருக்கு.

— அப்படியெல்லாம் பேசாதீங்க.

— போன வாரம் பருப்பு அடிபுடிச்சு வீடே நாறுச்சே, அடுப்புக்கிட்டயே நின்னுக்கிட்டு எங்கயோ பாத்துக்கிட்டு இருந்தே. அப்பவே தெரியும் எனக்கு. உன் மனசு ஜொகூருக்குப் போயிருச்சு.

— ஏதோ யோசன. துளசி வர்றா, பேச்ச மாத்துங்க.

— மாமா! அத்தை! ஏன் இங்கயே உக்காந்துட்டீங்க? டூர் சூப்பர் மாமா. பீப்பாயெல்லாம் லைனா அடுக்கி வச்சிருக்காங்க, அவ்ளோ கூலா இருக்கு உள்ள.

— மாமாவுக்குக் கால் வலிம்மா. நீங்க பாத்துட்டு வாங்க.

— அதான் மாமாவோட கிளாஸ நானே கேட்டு வாங்கிட்டு வந்துட்டேன். ஒரு டிக்கெட்டுக்கு ஒரு கிளாஸ், வேஸ்ட் பண்ணக் கூடாதுல்ல? திலீப் வேணாம் வேணாம்னு கையப் புடிச்சு இழுக்கறாரு. அப்பாவுக்கு பர்த்டே கூட என்ஜாய் பண்ணக் கூடாதா? நீங்களே கேளுங்க அத்தை.

— வைம்மா. அப்படி பெஞ்சு மேல வை.

— சின்ன சிப் போதும் மாமா. நாங்க ரெண்டு போட்டோ எடுத்துட்டு வந்துடறோம், அப்புறம் எல்லாரும் சாப்புடப் போலாம், ஓகே லா? ஹேப்பி பர்த்டே மாமா!

— நல்ல பிள்ள. ஒண்ணும் தெரியாத நல்ல பிள்ள.

— குடுங்க. அந்தச் செடியில ஊத்திடறேன்.

— கொஞ்சம் இரு.

— ஏங்க, கைய எடுங்க அதுலேருந்து.

— தொடல. பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். லோகா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். இப்பச் சொல்லாட்டி இத எடுத்து வாயில ஊத்திருவேன்.

— சொல்லுங்க.

— மூணு வருஷத்துக்கு முன்னால தீபாவளி. என் கூட்டாளி சேது வீட்டுக்குப் போனேன்ல?

— ஆமா. ஆட்டுக்கறி குடுத்து விட்டாரு.

— கறி மட்டும் இல்ல. ரெண்டு கிளாஸ் பிராந்தி குடிச்சேன்.

— முடிச்சிருங்க. மொத்தத்தையும் சொல்லி முடிச்சிருங்க.

— நடந்தே வீட்டுக்கு வந்தேன். வாசல்ல நின்னே. ஊதிக் காட்டுங்கன்னே. கண்ண மூடிக்கிட்டு ஊதுனேன். இன்னியோட நம்ம துணிமணி ரோட்டுலன்னு நெனைச்சேன். நீ கிட்ட வந்து மோந்து பாத்தே. "போய் கைகால் கழுவுங்க, சோறு போடறேன்"ன்னே. அவ்வளவுதான்.

— ம்.

— நான் சோத்துல கைய வச்சுக்கிட்டு அழுதேன். ரசம் காரம்னு சொன்னேன். நீகூட ஒரு டம்ளர் தண்ணி கொண்டாந்து வச்சே. தெரிஞ்சும் தெரியாத மாதிரி மன்னிச்சிட்டாளேன்னுதான் அழுதேன் லோகா. நீ கத்தியிருந்தா மறுநாளும் குடிச்சிருப்பேன். நீ மன்னிச்சுட்டே. அதுக்கப்புறம் இவளுக்குத் துரோகம் பண்ணா நான் ஆம்பளையே இல்லன்னு விட்டேன். இன்னி வரைக்கும் ஒரு சொட்டு இல்ல.

— ஏங்க…

— அதனாலதான் கெஞ்சறேன். என்னை மோந்து பாக்க ஒரு ஆளு வேணும். மூணு மாசம் தனியா விட்டுட்டுப் போனா, திரும்பி வர்றப்ப பழைய ஆளத்தான் பாப்பே. எனக்கு என் மேல நம்பிக்க இல்ல. அன்பரசிகிட்ட ஏதாச்சும் சாக்கு சொல்லிக்க.

— அந்தக் கிளாஸ எடுங்க. எடுத்து என் மூக்குக்கிட்ட வைங்க.

— எதுக்கு?

— வைங்கன்னா வைங்க.

— இந்தா. ஏன் அழுவற? நெடி ஏறிடுச்சா?

— கண்ண மூடிக்கிட்டா, இதுல விஸ்கி இருக்கா, வெறும் தண்ணி இருக்கான்னு எனக்குத் தெரியலைங்க.

— என்ன சொல்றே?

— கொரோனா வந்து பத்து நாள் ஆஸ்பத்திரியில கெடந்தேனே, அப்பப் போன மூக்கு. திரும்பி வரவே இல்ல. மல்லிப்பூ வச்சாலும் ஒண்ணுதான், பருப்பு தீஞ்சாலும் ஒண்ணுதான். வெளிய சொன்னா நீங்க திரும்பவும் குடிச்சிடுவீங்கன்னு பயம். டாக்டர்கிட்டகூடப் போகல. வயித்துல நெருப்பக் கட்டிக்கிட்டு தினமும் வாசல்ல நின்னு மோந்து பாக்கற மாதிரி நடிச்சேன். சேது வீட்டுலேருந்து வந்தீங்களே, அன்னிக்கு நான் உங்கள மன்னிக்கலைங்க. எனக்குத் தெரியவே தெரியாது.

— அப்ப நான் தினமும் ஊதுனது?

— காத்துலதான் ஊதுனீங்க. நாலு வருஷமா உங்களுக்குக் காவலே இல்லைங்க.