அக்காவின் ஆஃப்செட்

டிவி முன்னால் விரித்து மிதித்து ஆடும் டான்ஸ் பேடுக்கு ஷூ தேவையில்லை, மச்சான். தடியான சாக்ஸ் போதும். தோ பாயோவில் எங்கள் வீடு ஒன்பதாவது மாடி என்பதால் பேடுக்கு அடியில் மூன்று யோகா மேட் விரித்திருக்கிறோம். அப்படியும் கீழ்வீட்டு ஃபாரூக் அங்கிள் லிஃப்டில் பார்த்தால் விடமாட்டார்.

"சக்தி, மேல என்ன மாடு வளக்குறீங்களா? எங்க வீட்டு ஃபேன் ஆடுது லா."

"அது அக்கா, அங்கிள். நான் ஆடினா சத்தமே வராது."

அது பொய்யில்லை. நான் பத்து வருடமாக ஆடுகிறேன். அக்கா போன வருடம்தான் ஆரம்பித்தாள், அதுவும் கல்யாணத்துக்கு உடம்பு குறைக்க.

உங்கள் மெசேஜ் பார்த்தேன். "வைதேகி பேர்ல இருக்கிற ஃபைல்ல தினம் ஒரு நம்பர் மாறியிருக்கு. என்னடா இது?" ஆட்டம் ஓடுகிற லேப்டாப் நீங்கள் நிச்சயதார்த்தத்துக்கு அக்காவுக்குக் கொடுத்தது. பேக்கப் உங்கள் அக்கவுண்ட்டுக்குப் போகும் என்பதை மறந்துவிட்டேன். கேட்டுவிட்டீர்கள், சொல்லிவிடுகிறேன்.

திரையில் அம்புகள் மேலே ஏறும். ஒரு அம்பு உச்சியில் உள்ள கோட்டைத் தொடும் அந்தக் கணத்தில், தாளத்தோடு, கீழே பேடில் உள்ள அதே அம்பை மிதிக்க வேண்டும். டிவிக்கு டிவி பாட்டும் படமும் துளி விலகும். அதைச் சரிக்கட்ட ஒரு எண் உண்டு, ஆஃப்செட் என்போம். ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் தனியாக வைக்கலாம். அக்கா அந்தப் பக்கமே போகமாட்டாள். "செட்டிங்ஸ் எல்லாம் உன் டிபார்ட்மெண்ட்டுடா" என்பாள்.

ஜனவரியில் சிங்கப்பூர் ரேங்கிங்கில் அவள் என்னைத் தாண்டினாள். நான் நான்காவது, அவள் மூன்றாவது. எனக்கு ஐஸ்கிரீம் வாங்கி வந்தாள். "குருவே சரணம்" என்று காலைத் தொட வந்தாள், கிண்டலுக்கு. அன்றைக்கு அவள் தூங்கிய பிறகு அவள் எண்ணை இருபது மில்லிசெகண்ட் தள்ளி வைத்தேன். தாளத்தில் சரியாக மிதித்தாலும் தப்பு என்று காட்டும்.

ஒரே எண்ணில் விட்டால் கால் இரண்டு நாளில் பழகிவிடும். அதனால் ஒரு நாள் முன்னால் இழுத்தேன், மறுநாள் பின்னால் தள்ளினேன். உங்கள் ஃபைலில் இருப்பது அதுதான். அவள் ஐந்தாவதானாள், பிறகு பன்னிரண்டாவது. அங்கேயே நிறுத்தியிருப்பேன்.

அப்பாவைப் பற்றி உங்களுக்குத் தெரியும். தைப்பூசத்துக்கு உறுமி வாசித்தவர். நாற்பத்தொரு வயதில் அடி தப்ப ஆரம்பித்தது. குடித்துவிட்டு வருகிறார் என்று குழுவிலிருந்து விலக்கினார்கள். அதற்கப்புறம்தான் கை, கழுத்து, பேச்சு, எல்லாம் போனது. அவர் போகும்போது எனக்குப் பன்னிரண்டு வயது. இந்த நரம்பு நோய் பிள்ளைகளுக்கு வருவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு என்றார் டாக்டர். டெஸ்ட் இருக்கிறது. நாங்கள் இரண்டு பேருமே எடுக்கவில்லை. தெரியாமல் இருப்பது நல்லது என்று அக்காதான் முடிவு செய்தாள்.

பிப்ரவரியில் ஒருநாள் பாட்டு நடுவிலேயே பேடை விட்டு இறங்கினாள்.

"டேய், பீட் நல்லா கேக்குது. கால்தான் லேட்டா போகுது."

"டயர்டா இருப்ப."

"அப்பாவும் முதல்ல இப்படித்தானே சொன்னாரு." பேடைக் குனிந்து தட்டிப் பார்த்து, "மெஷின்ல எதாச்சும் கோளாறா இருக்குமா?" என்றாள்.

நான் என் பெயரில் நுழைந்து அதே பாட்டை ஆடிக் காட்டினேன். தொண்ணூற்றொன்பது சதவீதம். அவள் கை தட்டினாள். தட்டிய கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

டாக்டரிடம் போகச் சொன்னேன், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். "போனா வியாதிக்குப் பேர் வச்சிடுவாங்கடா" என்றாள். போகவில்லை.

உங்களுக்குச் சிரிப்பாக இருக்கும், ஆனால் அவள் தப்பும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு லேசானது. இருவரில் ஒருவருக்குத்தான் என்றால், அவளுக்கு வந்துவிட்டால் எனக்கு இல்லை. கணக்கு அப்படி இல்லை என்று தெரியும், பாலிடெக்னிக்கில் படித்திருக்கிறேன். எண்ணை மாற்றுவதும் நானேதான். இருந்தாலும் அவள் மிஸ் பண்ணும் ஒவ்வொரு அம்பும் என்னை விட்டு விலகிப் போவது போல இருந்தது. ரொம்ப நாள் கழித்து நன்றாகத் தூங்கினேன்.

மார்ச்சில் அவள் உங்களிடம் கல்யாணம் வேண்டாம் என்றாள். தெங்காவில் இரண்டு பேரும் சேர்ந்து பதிவு செய்திருந்த அரசாங்க பிடிஓ வீட்டையும் விட்டுவிட்டாள். உங்கள் மேல் கோபம் என்று நீங்கள் நினைத்தீர்கள். படுத்த படுக்கையான ஒருத்தியை நீங்கள் இருபது வருடம் பார்க்கக் கூடாது என்று நினைத்தாள். அவ்வளவுதான்.

நீங்கள் கேட்காத ஒன்றும் இருக்கிறது. ஏப்ரலில் அவளுக்கு இரண்டு மாதம். உங்கள் பிள்ளைதான். அம்மாவுக்குத் தெரியாது. கலைப்பதற்கு மருத்துவமனைக்கு நான்தான் கூடப் போனேன். கவுன்சலர் பேசிவிட்டு, இரண்டு நாள் யோசித்து வரச் சொல்லி அனுப்பினார். சட்டம் அப்படி.

திரும்பி வரும்போது எங்கள் அடுக்குமாடி புளோக்குக் கீழே கல் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"ஒரு காரணம் சொல்லுடா சக்தி. ஒண்ணே ஒண்ணு. நான் போகல."

என்னிடம் ஒரு காரணம் இருந்தது. ஒரு வாக்கியத்தில் சொல்லி முடிக்கிற மாதிரி.

"உன் இஷ்டம்க்கா" என்றேன்.

அந்த வாரம் ரேங்கிங் முடிகிற வாரம். நிதானத்துக்காகவோ என்னவோ, அந்த இரண்டு நாளும் அவள் ஆடினாள். அந்த இரண்டு தேதியிலும் எண் மாறியிருப்பதை ஃபைலில் பார்த்திருப்பீர்கள். மூன்றாம் நாள் காலை டாக்சி பிடித்துப் போனோம். வெளியே வந்ததும் எனக்கு மைலோ வாங்கிக் கொடுத்தாள், நான் சாப்பிடவில்லை என்று.

நான் கெட்டவன் இல்லை, மச்சான். மே மாதத்திலிருந்து அவள் எண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சரியான இடத்துக்குக் கொண்டுவருகிறேன். ஒரேயடியாக மாற்றினால் சந்தேகம் வரும், அதனால் வாரத்துக்கு இரண்டு மில்லிசெகண்ட். நேற்று ஒரு பாட்டை ஒரு அம்பு கூட விடாமல் முடித்தாள். என் தோளில் சாய்ந்து அழுதாள். "எனக்குச் சரியாகுதுடா. உன்னாலதான்" என்றாள்.

இன்னும் ஆறு வாரம் போதும். அவளை முழுசாகக் குணமாக்கிவிடுவேன். அதுவரை நீங்கள் வந்து எதையாவது சொல்லி அவள் மனதைக் கெடுக்காமல் இருந்தால் நல்லது.